தீவிர கோவிட் தொற்றிலிருந்து மீள்வோரின் மூளைப் படிமங்களில் காணப்படும் மாற்றங்கள்

கோவிட்-19 முதன்மையாக மூச்சுப்பாதையையும் நுரையீரலையும் தாக்கும் நோயாகும். எனினும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஆக்சிஜனோ வென்டிலேட்டர் உதவியோ பெற்றுப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினரின் மூளையில், காய்ச்சலும் இருமலும் தணிந்து பல மாதங்கள் ஆன பின்னரும் ஸ்கேன் கருவிகளால் அளக்கக்கூடிய மாற்றங்கள் காணப்படுகின்றன. நுண்ணிய இரத்தக்கசிவு, வீக்கம், புறணியின் தேய்வு, இரத்த ஓட்டக் குறைவு, குளுக்கோஸ் பயன்பாட்டுக் குறைவு என இவை பல வகைப்படும். சில மாற்றங்கள் வாரங்களில் மறைகின்றன, சில ஓராண்டுக்குப் பின்னும் தெரிகின்றன.

வீடு திரும்பியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பேச்சின் நடுவே சொல் வராமல் நிற்பது, ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் தொடக்கம் மறந்துபோவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிக்க முடியாமல் தடுமாறுவது ஆகியவை அவை. இவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் பல வேளைகளில் 'இயல்பாக உள்ளது' என்றே அறிக்கை வருகிறது. மறுபுறம் 2022 மார்ச்சில் 'கோவிட் மூளையைச் சுருக்குகிறது' என்று உலகெங்கும் செய்திகள் வெளியாயின. ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும் இவ்விரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். அதைப் புரிந்துகொள்ள ஸ்கேன் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது

எம்.ஆர்.ஐ. கருவி உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டு படம் உருவாக்குகிறது. ஒரே கருவியை வெவ்வேறு முறைகளில் இயக்கி வெவ்வேறு செய்திகளைப் பெறலாம். மூளையைச் சூழ்ந்த திரவத்தின் சமிக்ஞையை அடக்கிவிட்டு எடுக்கும் 'ஃபிளேர்' படத்தில் வீக்கமும் அழற்சியும் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். இரும்பின் காந்தத் தன்மையை உணரும் முறையில் எடுத்தால், கசிந்த இரத்தத்தின் எச்சம் கரும்புள்ளியாகத் தெரியும். நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதை அளக்கும் முறை, நரம்பு நார்களின் கட்டுக்கோப்பைக் காட்டும். பெட் ஸ்கேன் இவற்றிலிருந்து வேறுபட்டது. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை உடலில் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு எரிபொருளை உறிஞ்சுகிறது என்பதை அது பதிவு செய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மனித மூளையின் புறணி சராசரியாக 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதில் 1 விழுக்காடு குறைந்தால் குறைவு 0.025 மில்லிமீட்டர். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலம் உடையது. எவ்வளவு தேர்ந்த கதிரியக்க மருத்துவரானாலும் அந்தக் குறைவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. கணினி நிரல் ஒருவரது புறணியில் ஆயிரக்கணக்கான இடங்களில் தடிமனை அளந்து, அப்படி நூற்றுக்கணக்கானோரின் சராசரியை எடுத்து, தொற்று ஏற்படாதோரின் சராசரியோடு ஒப்பிடும்போதுதான் அது வெளிப்படுகிறது. மருத்துவமனை அறிக்கை தேடுவது கட்டி, அடைப்பு, பெரிய கசிவு போன்றவற்றை. ஆய்வுக்கூடம் தேடுவது சராசரியின் நகர்வை. 'இயல்பு' என்ற அறிக்கைக்குப் பெரிய சேதம் இல்லை என்பதே பொருள். நோயாளி சொல்லும் குறை கற்பனை என்று அதற்குப் பொருளில்லை.

நோய் உச்சத்தில் இருந்தபோது

பெருந்தொற்றின் முதல் மாதங்களில் வெளிவந்த படங்கள் மிகக் கடுமையான நோயாளிகளுடையவை. பிரான்சின் 16 மருத்துவமனைகளிலிருந்து தொகுக்கப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில் 37 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களில் 16 பேருக்குப் பொட்டு மடலின் உட்புறத்தில், அதாவது நினைவாற்றலோடு தொடர்புடைய பகுதியில், ஒரு பக்கமாக வெள்ளைத் திட்டு காணப்பட்டது. 11 பேருக்கு வெண்பொருளில் சிதறிய திட்டுகள் இருந்தன. 9 பேருக்குப் பரவலான நுண்கசிவுகள் இருந்தன. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. ஸ்கேனில் கோளாறு தெரிந்தவர்களை மட்டுமே, அதிலும் பக்கவாத அடைப்பு உள்ளவர்களை விலக்கி, இந்த ஆய்வு தேர்ந்தெடுத்தது. ஆகவே 'கோவிட் நோயாளிகளில் 43 விழுக்காட்டினருக்கு மூளைப் பாதிப்பு' என்று இதைச் சொல்வது தவறு. அப்படிச் சொன்னவர்களும் இருந்தனர்.

நுண்கசிவுகள் தோன்றிய இடம் ஆய்வாளர்களுக்கு ஒரு துப்பாக அமைந்தது. இரு பெருமூளை அரைக்கோளங்களையும் இணைக்கும் நார்ப்பாலத்தில் இவை அடிக்கடி காணப்பட்டன. மிக உயரமான மலைகளில் ஏறி, ஆக்சிஜன் குறைவால் மூளை வீங்கிப் பிழைத்தவர்களிடமும் இதே பாலத்தில் நுண்கசிவுகள் இருப்பது கோவிட் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தது. ஆக, நாட்கணக்கில் நீடித்த ஆக்சிஜன் குறைவு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதமடைவது மற்றொரு காரணம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை 11.7 டெஸ்லா திறனுள்ள கருவியில் படமெடுத்து, பின்னர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். மெலிந்த குழாய்ச் சுவர்களும், அவற்றிலிருந்து கசிந்த இரத்தப் புரதமும், சுற்றிலும் அழற்சியும் தெரிந்தன. ஆனால் அத்திசுக்களில் வைரஸ் அகப்படவில்லை. மூளைக்குள் நுழையாமலே வைரஸால் மூளைக்குத் தீங்கு நேர முடியும் என்பதற்கு இது முக்கியமான சான்றாகும்.

முகர்வு வழி

தீவிர நோயைப் புரிந்துகொள்ள, லேசான நோயாளி ஒருவரின் படமும் உதவியது. 2020இல் இத்தாலியின் மிலான் நகரில், கோவிட் வார்டில் பணியாற்றிய 25 வயதுக் கதிர்ப்படத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவருக்கு ஒரு நாள் வறட்டு இருமலும், அதைத் தொடர்ந்து முழுமையான முகர்விழப்பும் ஏற்பட்டன. மூன்று நாட்களுக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், கண்களுக்கு மேலே முன்மடலின் அடிப்புறத்திலுள்ள ஒரு மடிப்பிலும் முகர்வுக் குமிழ்களிலும் வெள்ளை மாற்றம் தெரிந்தது. 28 நாட்கள் கழித்து மீண்டும் எடுத்தபோது மடிப்பிலிருந்த மாற்றம் முற்றாக மறைந்திருந்தது. முகர்வுக் குமிழ்கள் மட்டும் முன்பைவிட மெலிந்திருந்தன. அவருக்கு முகரும் திறனும் திரும்பிவிட்டது.

வைரஸ் மூக்கு வழியே நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் ஏறுகிறது என்ற விளக்கம் அப்போது பரவலாக நம்பப்பட்டது. ஆனால் பின்னர் நடந்த திசு ஆய்வுகளில், மூக்கின் மேற்பகுதியில் முகர்வு நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே வைரஸ் முக்கியமாகத் தாக்குகிறது என்று தெரியவந்தது. துணை அணுக்கள் சேதமடைந்தால் முகர்வுச் செய்தி மூளைக்குச் செல்வது தடைப்படும். பயன்படுத்தாத தசை மெலிவதுபோல, செய்தி வராத முகர்வுப் பகுதிகளும் மெலியக்கூடும். அடுத்து வரும் பெரிய ஆய்வைப் படிக்கும்போது இந்தக் கருத்து தேவைப்படும்.

மூன்று மாதங்களில்: பெரிதாகத் தெரிந்த பகுதிகள்

சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2020இலேயே, நோயிலிருந்து மீண்ட 60 பேரை மூன்று மாதங்களுக்குப் பின் ஸ்கேன் செய்து, தொற்று ஏற்படாத 39 பேருடன் ஒப்பிட்டனர். மீண்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நரம்பியல் சார்ந்த குறை ஏதாவது நீடித்தது. எதிர்பாராத முடிவு என்னவெனில், இவர்களுடைய முகர்வுப் புறணி, ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகளின் பருமன் மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை, கூடுதலாக இருந்தது.

பருமன் கூடியதை நற்செய்தியாக எடுத்துக்கொள்ள இயலாது. அழற்சியால் திசு வீங்கினாலும் படத்தில் பருமன் கூடியே தெரியும். சேதத்தை ஈடுசெய்ய மூளை முயல்வதன் விளைவாகவும் இருக்கலாம். வீக்கம் வடிந்த பிறகு அதே பகுதி சுருங்கித் தெரிவதும் நடக்கக்கூடியதே. எந்த மாதத்தில் படம் எடுக்கப்பட்டது என்பதைக் கேட்காமல் 'கூடியது', 'குறைந்தது' என்ற சொற்களை ஒப்பிடுவதால்தான் இத்துறையின் முடிவுகள் குழப்பமாகத் தோன்றுகின்றன.

ஊகான் நகரில் மீண்ட 51 பேரிடம் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டது. நரம்பியல் குறை எதுவும் வெளிப்படையாக இல்லாதவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். அப்படியிருந்தும், தீவிர நோய் கண்டவர்களிடம் புறணித் தடிமன், இரத்த ஓட்டம், வெண்பொருள் நார்களின் அமைப்பு ஆகிய மூன்றிலும் மாற்றம் காணப்பட்டது. நோயின்போது இரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் எவ்வளவு உயர்ந்தன என்பதோடும் அம்மாற்றங்கள் தொடர்புற்றிருந்தன.

தொற்றுக்கு முன்னும் பின்னும்

மேற்கண்ட ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. நோய்க்கு முன் அவர்களுடைய மூளை எப்படி இருந்தது என்பதற்குப் படம் இல்லை. ஏற்கெனவே சற்று மெலிந்த மூளை உடையவர்களுக்கே நோய் கடுமையாகத் தாக்கியதா, நோய்தான் மெலிவை உண்டாக்கியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது பிரிட்டனின் 'யூகே பயோபேங்க்' திட்டம். பெருந்தொற்றுக்கு முன்பே பல்லாயிரம் தன்னார்வலர்களின் மூளையை அது படமெடுத்து வைத்திருந்தது. அவர்களில் 51 முதல் 81 வயது வரையுள்ள 785 பேர் மீண்டும் அழைக்கப்பட்டனர். 401 பேருக்கு இரண்டு ஸ்கேன்களுக்கும் இடையே தொற்று ஏற்பட்டிருந்தது, 384 பேருக்கு ஏற்படவில்லை. தொற்று உறுதியானதற்கும் இரண்டாம் ஸ்கேனுக்கும் இடையே சராசரியாக 141 நாட்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு செய்த இந்த ஆய்வு 2022 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியானது.

வயது ஏற ஏற எல்லோருக்கும் மூளை சிறிது தேய்கிறது. தொற்று ஏற்பட்டவர்களிடம் அந்தத் தேய்வு, பகுதிக்கேற்ப 0.2 முதல் 2 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. கண்குழிக்கு மேலுள்ள முன்மடல் புறணி, ஹிப்போகேம்பசை ஒட்டிய மடிப்பு, முகர்வுப் புறணியோடு தொடர்புள்ள பகுதிகள் ஆகியவற்றில் அது தெளிவாகத் தெரிந்தது. மிலான் பணியாளரின் படத்தில் வெண்மையாகத் தெரிந்த மடிப்பும் இதே முன்மடல் அடிப்புறத்தில்தான் உள்ளது. சிந்தனை வேகத்தை அளக்கும் தேர்விலும் இவர்கள் கூடுதலாகப் பின்தங்கினர். அந்தப் பின்னடைவு சிறுமூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியின் தேய்வோடு தொடர்பு காட்டியது.

இந்த 401 பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 15 பேர் மட்டுமே. அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும் வேறுபாடு நின்றது. அதனால் இது லேசான தொற்றைப் பற்றிய வலுவான சான்று. தீவிர நோயைப் பற்றி இதிலிருந்து நேரடியாக அதிகம் சொல்ல முடியாது. முகர்விழப்பால் ஏற்பட்ட மெலிவா, அழற்சியால் ஏற்பட்டதா, இது நிலையானதா என்பவற்றுக்கும் ஒரே ஒரு மறு ஸ்கேன் விடை தராது. 'மூளை சுருங்குகிறது' என்று வந்த தலைப்புச் செய்திகளில் இவை எதுவும் இடம்பெறவில்லை.

எரிபொருள் பயன்பாடு மீள்கிறது

மீட்சியை நேரடியாகக் காட்டிய படங்கள் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து வந்தன. அங்கு சேர்க்கப்பட்ட, புதிதாக நரம்பியல் குறைகள் தோன்றிய 29 கோவிட் நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 15 பேருக்குப் பெட் ஸ்கேன் எடுக்கப்பட்டது. 10 பேரின் மூளையில் முன்மடலும் உச்சி மடலும் வழக்கத்தைவிடக் குறைவாக குளுக்கோஸை எடுத்துக்கொண்டன. மொத்தம் 30 மதிப்பெண் கொண்ட 'மோக்கா' என்னும் அறிதிறன் தேர்வில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணும் இந்தக் குறைவும் ஒத்துப்போயின. எம்.ஆர்.ஐ. படத்தில் இடத்துக்கு இடம் சேதம் எதுவும் தெரியாதபோதும் அணுக்கள் மந்தமாக இயங்க முடியும் என்பதை இது காட்டியது.

சுமார் ஆறு மாதங்களுக்குப் பின் 8 பேர் மீண்டும் ஸ்கேன் செய்யப்பட்டனர். குளுக்கோஸ் பயன்பாடு கணிசமாக மேம்பட்டிருந்தது. தேர்வின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 19இலிருந்து 23 ஆக உயர்ந்தது. ஆயினும் இத்தேர்வில் 26க்குக் கீழே பெற்றால் குறைபாடு என்று கொள்வது வழக்கம். மீட்சி உண்மை, ஆனால் முழுமையாகவில்லை. எட்டே பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். எனினும் ஒரே நபர்களை இரு முறை பார்த்ததால், வெவ்வேறு நபர்களை ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் தர முடியாத ஒன்றை இது தந்தது.

ஓராண்டுக்குப் பின்

பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 351 நோயாளிகளை 12 முதல் 18 மாதங்களுக்குப் பின் சோதித்த ஆய்வு 2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. 2,927 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவைவிட இவர்களின் அறிதிறன் குறைந்திருந்தது. அந்தக் குறைவு 50 வயதிலிருந்து 70 வயதுக்குள் இயல்பாக ஏற்படும் சரிவுக்கு நிகரானது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். கவனத்தையும் முடிவெடுப்பதையும் சார்ந்த முன் சிங்குலேட் புறணியின் சாம்பல்பொருள் குறைந்திருந்தது. நரம்பணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் புரதங்களின் அளவும் உயர்ந்திருந்தது. நோய் முடிந்து ஓராண்டு கழித்தும் இப்புரதங்கள் உயர்ந்திருப்பது, மூளையில் நிகழ்வது ஆறிய தழும்பு மட்டும்தானா என்ற கேள்வியை எழுப்புகிறது.

சோர்வும் மூச்சுத்திணறலும் நீடிப்பதற்கு மூளைத்தண்டைக் காரணமாகப் பலர் ஐயுற்றனர். மூச்சையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் மையங்கள் அங்கேதான் உள்ளன. சாதாரணக் கருவிகளில் மூளைத்தண்டின் உட்கூறுகள் தெளிவாகத் தெரிவதில்லை. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 டெஸ்லா கருவியைக் கொண்டு, தடுப்பூசி வருவதற்கு முன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 30 பேரைப் படமெடுத்தனர். முகுளம், பான்ஸ், நடுமூளை ஆகிய மூன்றிலும் அழற்சியோடு பொருந்தும் மாற்றங்கள் தெரிந்தன. நோய் கடுமையாக இருந்தவர்களிடம் அவை மிகுந்திருந்தன. இந்தியாவில் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், மீண்ட 46 பேரையும் நலமான 30 பேரையும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட முடிவுகளிலும், இரும்பின் காந்தத் தன்மையை உணரும் படங்களில் முன்மடலிலும் மூளைத்தண்டிலும் வேறுபாடு காணப்பட்டது.

வைரஸா, தீவிர நோயா?

இத்துறையில் இன்னும் முடிவுக்கு வராத வாதம் இதுவே. கோவிட் வருவதற்கு முன்பே, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வருவோரின் மூளை பாதிக்கப்படுவது தெரிந்திருந்தது. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வேறு நோய்களுக்காகத் தீவிர சிகிச்சை பெற்ற 821 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குப் பின்னும் சுமார் மூன்றில் ஒருவரின் அறிதிறன், நடுத்தர அளவிலான தலைக்காயம் அடைந்தவருடையதைப் போன்றிருந்தது. வார்டில் எத்தனை நாட்கள் மனக்குழப்பத்தில் கிடந்தனரோ அதற்கேற்பப் பாதிப்பும் மிகுந்தது. மனக்குழப்பம் நீண்டவர்களின் மூளை பின்னர் எடுத்த படங்களில் கூடுதலாகத் தேய்ந்திருந்ததையும் அதே காலத்திய சிறிய ஆய்வுகள் காட்டியிருந்தன.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2023இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்த 120 பேரோடு, நிமோனியா, மாரடைப்பு போன்ற வேறு கடும் நோய்களுக்காக இருந்த 125 பேரும், நலமான 100 பேரும் ஒப்பிடப்பட்டனர். ஒன்றரை ஆண்டுக்குப் பின் கோவிட் நோயாளிகளின் அறிதிறன் நலமானவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆனால் அதே அளவு கடுமையான பிற நோயாளிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. நலமானவர்களை மட்டுமே ஒப்பீட்டுக்கு வைத்த ஆய்வுகளில் கோவிட்டின் கணக்கில் எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதி, ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்து, அழற்சி, நீண்ட படுக்கை ஆகியவற்றின் கணக்கில் சேர வேண்டியதாகலாம். நோயாளிக்கு இதனால் பாதிப்பு குறைந்துவிடுவதில்லை. ஆனால் மனக்குழப்பத்தைக் குறைப்பது, மயக்க மருந்தை அளவோடு தருவது, நோயாளியை விரைவில் எழுப்பி உட்காரவைப்பது போன்றவை எந்தத் தீவிர நோயிலும் மருத்துவர்கள் கைக்கொள்ளக்கூடிய தடுப்பு வழிகள்.

தனி நபரின் படம்

மேலே கண்ட முடிவுகளில் பெரும்பாலானவை குழுச் சராசரிகள். அவற்றைக் கொண்டு தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து 'இது கோவிட்டால் வந்தது' என்று சொல்ல இயலாது. நலமான இருவரின் மூளைப் பருமனுக்கு இடையே இயல்பாக உள்ள வேறுபாடே இந்தச் சில விழுக்காடுகளைவிடப் பலமடங்கு பெரிது. திடீரெனக் கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், வலிப்பு, இதுவரை இல்லாத கடும் தலைவலி போன்றவை தோன்றினால் ஸ்கேன் உடனடியாகத் தேவை. அங்கே அது உயிர் காக்கும். மறதியும் சிந்தனை மந்தமும் மட்டும் இருந்தால், தமிழிலும் கிடைக்கும் மோக்கா போன்ற அறிதிறன் தேர்வை எழுதவைத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் எழுதவைப்பது ஒரு படத்தைவிட அதிகம் சொல்லும். தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இதே குறைகளைத் தரும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தேய்வு நிலைக்குமா, பல ஆண்டுகளில் மறதிநோய்க்கு வழி வகுக்குமா என்பதை அறிய அதே நபர்களை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் படமெடுக்க வேண்டும். யூகே பயோபேங்க் 2025இல் ஒரு லட்சம் பேரின் முதல் ஸ்கேனை முடித்தது. அவர்களில் பல்லாயிரம் பேரை மீண்டும் அழைத்துப் படமெடுக்கும் பணி தொடர்ந்து நடைபெறுகிறது.